நாகதோஷமா? ரத்தத்தின் குணமா?



ஒரு பெண்ணுக்குப் பிறக்கின்ற பிள்ளைகள் தங்காமல் போனால், அதற்கு நாகதோஷம் என்று ஒரு காரணம் நம் நாட்டில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. முன் ஜென்மத்திலோ இந்த ஜென்மத்திலோ அவளாவது அவளைச் சேர்ந்தவர்களாவது பாம்பை அடித்திருக்க வேண்டும், அல்லது ஜாதகத்தின் ஐந்தாம் இடத்தில் ராகுவோ கேதுவோ உட்கார்ந்திருக்க வேண்டும், அதனால்தான் வயிற்றில் உண்டானது மண்ணுக்குப் போகின்றது என்பதாக ஜோசியன் சொல்லுகின்றான். உடனே கல்லில் பாம்பு அடித்து, அதை ஒரு மண்டலம் தண்ணீரில் ஊற வைத்து, அரசும் வேம்பும் சேர்ந்த மரத்தடியில் பிரதிஷ்டை செய்து, பாலை ஊற்றி, புரோகிதனுக்குத் தட்சணையும் கொடுத்தாக வேண்டும். அப்படியும் பிள்ளை தங்காவிட்டால் கல்லின் மேல் குற்றமில்லை. ஜோசியன் மேலும் குற்றமில்லை. வாங்கின பணத்தின் மேல் அறவே குற்றமில்லை. குற்றமெல்லாம் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். அவள் ராசியில்லாதவள்.

இது எங்கோ யாருக்கோ நடந்த கதையல்ல. நமது பெரியம்மாவுக்கு நடந்ததாகும். அவருக்கு 1971ல் ஒரு பெண் பிறந்தாள். கொழுகொழுவென்று பிறந்த அந்தக் குழந்தை இன்றும் சௌக்கியமாக இருக்கின்றாள். 1973ல் பிறந்த இரண்டாவது பிள்ளை, பிறந்த அன்றே மஞ்சள் பூத்து மூன்றாம் நாள் போய்விட்டது. 1975ல் மூன்றாவது பிள்ளை வயிற்றிலேயே செத்து, உடம்பெல்லாம் வீங்கி வெளியே வந்தது. 1976ல் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து நாகப்பிரதிஷ்டை செய்தார்கள். 1977ல் நான்காவது பிள்ளையும் அதே வீக்கத்தோடு செத்தே பிறந்தது. மறுவருஷம் பெரியப்பா இன்னொரு கலியாணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருக்க இரண்டாம் மனைவி கட்டக்கூடாதென்று 1955ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது; ஆனால் ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டாவதாக வந்த அம்மாளுக்குப் பிறந்த மூன்றும் பிழைத்துக்கொண்டன. "தோஷம் யாரிடத்தில் இருந்தது, பார்த்தீர்களா?" என்று அந்த ஜோசியன் சாகும்வரை இதையே தனக்கு நற்சாட்சிப் பத்திரமாகச் சொல்லித் திரிந்தான்.

நிற்க, இந்த விஷயத்தில் பாம்புக்கு என்ன சம்பந்தம், ரத்தத்துக்கு என்ன சம்பந்தம் என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்களோடு வெள்ளை அணுக்களும் இருக்கின்றன. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சிறு துளியிலும் சிறு பாகத்தில், 4,000 முதல் 11,000 வரை இவை இருக்கும். உடம்புக்குக் காவல் இவைகளே. இவற்றில் ஒரு வகை, உள்ளே நுழைந்த கிருமியைக் கண்ட இடத்தில் விழுங்கிவிடும். லிம்போசைட் என்கின்ற மற்றொரு வகையோ ஆளைப் பார்த்து அடையாளம் கண்டு வேலை செய்யும். அதில் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரே ஒரு அன்னிய வடிவத்தைத்தான் தெரியும். பூட்டுக்கு ஏற்ற சாவிபோல் தனக்குரிய வடிவம் எதிர்ப்பட்டதும், உதவி லிம்போசைட்டுகளின் சம்மதத்தோடு அந்த ஒரு அணு பல்லாயிரமாகப் பெருகி, ஆண்டிபாடி என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி ரத்தத்தில் விடும். இந்த ஆண்டிபாடி கவைக்கோல் போன்ற உருவமுள்ளது. அதன் இரண்டு கிளைகளும் அன்னியனைப் பிடித்துக்கொள்ளும். காம்பு விழுங்கும் அணுக்களைக் கூப்பிடும். சண்டை முடிந்த பிறகும் சில அணுக்கள் அந்த முகத்தை மறக்காமல் வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராததற்குக் காரணம் இதுதான். நம்மவர்கள் இதற்கு அம்மன் கருணை என்று பெயர் வைத்துக் கூழ் ஊற்றினார்கள்!

இந்தக் காவல்காரனுக்குப் புண்ணியம் தெரியாது, பாபம் தெரியாது. சொந்தம் எது, அன்னியம் எது என்பது ஒன்றே அவனுக்குத் தெரிந்த சாஸ்திரம். அதிலும் சில சமயம் தவறிப்போவான். சொந்தத் தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களையே அன்னியமென்று எண்ணி அழித்துவிடுவான். அப்படி வருவதுதான் வெண்புள்ளி. அது தொற்றாது, அது குஷ்டமுமல்ல. அதற்கும் நம் நாட்டில் முன்ஜென்ம பாபம் என்றே பெயர். அதைப் பற்றி மற்றொரு சமயம் விரிவாக எழுதுவோம்.

வியன்னா நகரத்தில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்பவர் 1901ல் மனிதருடைய ரத்தத்தை ஏ, பி, ஓ எனப் பிரிக்கலாம் என்று கண்டார். மறுவருஷம் ஏபி என்ற நான்காவதையும் மற்றவர்கள் கண்டார்கள். இதற்காக லாண்ட்ஸ்டெய்னருக்கு 1930ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த நாலும் எல்லா ஜாதியிலும் இருக்கின்றன. சதுர்வர்ணம் பேசுகின்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் தங்கள் வர்ணம் எங்கே எழுதியிருக்கின்றதென்று தேடிப் பார்க்கட்டும்.

ஆனால் இந்த நாலு பிரிவு மாத்திரம் பார்த்தால் போதவில்லை. நியூயார்க்கில் ஒரு தாய் செத்த பிள்ளையைப் பெற்றாள். அவளுக்குப் புருஷனுடைய ரத்தத்தையே ஏற்றினார்கள். இருவருக்கும் ஓ பிரிவுதான். இருந்தும் அவள் உடம்பு அதை ஏற்காமல் கலவரப்பட்டது. அவள் ரத்தத்தில் ஏதோ ஒரு ஆண்டிபாடி இருக்கின்றதென்றும், புருஷனிடமிருந்து பிள்ளைக்கு வந்த ஒரு பொருளுக்கு எதிராக அது உண்டாயிருக்க வேண்டுமென்றும் லெவின், ஸ்டெட்சன் என்ற இருவர் 1939ல் எழுதினார்கள். மறுவருஷம் லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ரீசஸ் என்னும் குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த சோதனையிலிருந்து ஆர்.எச். என்ற பெயர் வந்தது. சிவப்பு அணுவின் மேல் அந்தப் பொருள் உள்ளவர் பாசிடிவ், இல்லாதவர் நெகடிவ். நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 5 பேர் நெகடிவ். அது வியாதியல்ல, குறையுமல்ல. ஒருவருக்குக் காதில் மடல் ஒட்டியிருப்பதும் ஒருவருக்குத் தொங்குவதும் போன்ற ஒரு வித்தியாசம்.

அப்படியானால் பிள்ளை சாவானேன்? தாய் நெகடிவ்; புருஷன் பாசிடிவ்; பிள்ளை அப்பனைக் கொண்டு பாசிடிவ். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் சாதாரணமாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி நடுவில் நின்று பிரிக்கின்றது. ஆனால் பிரசவத்தின்போது பிள்ளையின் ரத்தத்தில் கொஞ்சம் தாயின் உடம்புக்குள் போய்விடும். தாயின் காவல்காரன் அதை அன்னியமென்று கண்டு ஆண்டிபாடி செய்யத் தொடங்குவான். அதற்குள் முதல் பிள்ளை வெளியே வந்து தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் அதற்குக் கெடுதி இல்லை. இரண்டாவது பிள்ளை உண்டாகும்போதோ அந்த முகத்தை நினைவு வைத்திருக்கும் அணுக்கள் ஆயத்தமாக இருக்கின்றன. இந்தத் தடவை அவை செய்யும் ஆண்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடிய ஜாதி. பிறந்த சில மாதங்களுக்குத் தாயின் நோய் எதிர்ப்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இதே ஜாதிதான். அதே வழியாக இதுவும் போய்ப் பிள்ளையின் சிவப்பு அணுக்களைப் பிடித்துக்கொள்ள, பிள்ளையின் மண்ணீரல் அவற்றை அழிக்கின்றது. அழிந்த ரத்தத்தின் மஞ்சள் மூளைக்கு ஏறும். இல்லாவிட்டால் ரத்தம் வற்றி உடம்பு நீர்கோத்து வயிற்றிலேயே சாகும். பெரியம்மாவின் மூன்று பிள்ளைகளையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது ஜோசியனுடைய அத்தாட்சிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் மனைவியின் பிள்ளைகள் பிழைத்தன என்கின்றான். நூற்றுக்கு 95 பேர் பாசிடிவாக இருக்கும் நாட்டில் இரண்டாவதாக வருகின்றவள் பாசிடிவாக இருப்பதுதானே சாதாரணம்? அதுபோலவே பரிகாரம் செய்த பிறகு எங்கள் வீட்டில் பிள்ளை தங்கிற்று என்று சிலர் சொல்லுவார்கள். அதிலும் பொய்யில்லை. புருஷன் பாசிடிவானாலும் அவனுக்குத் தன் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து நெகடிவ் குணமும் வந்திருந்தால், பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதி நெகடிவாகவே பிறக்கும். அவைகளைத் தாயின் ஆண்டிபாடி தொடாது. நெகடிவ் பிள்ளை பிழைக்கின்றது. அதற்கு நாகராஜன் என்று பெயர் வைத்துக் கல்லுக்குப் பாலூற்றுகின்றார்கள். செத்தால் பெண்ணின் பாபம், பிழைத்தால் கல்லின் மகிமை என்றால், இந்த வியாபாரத்தில் என்றைக்காவது நஷ்டம் வருமா என்று கேட்கின்றோம்.

இன்னொரு கூட்டம் இப்பொழுது புறப்பட்டிருக்கின்றது. கலியாணத்துக்குப் பார்க்கும் நாடிப் பொருத்தம் என்பதே இந்த ஆர்.எச்.தான், எங்கள் முன்னோர்கள் அப்பொழுதே கண்டுபிடித்துவிட்டார்கள் என்கின்றார்கள். இங்கிலீஷ் படித்தவர்களும் இதற்குத் தலையாட்டுகின்றார்கள். நாடி என்பது 27 நட்சத்திரத்தை ஒன்பது ஒன்பதாக மூன்று கூறு போட்டது. ரத்தமோ தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஒரே நட்சத்திரத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று நெகடிவாகவும் ஒன்று பாசிடிவாகவும் இருக்கலாம். வேறு வேறு நட்சத்திரத்தில் பிறந்த அண்ணன் தம்பி இருவரும் நெகடிவாக இருக்கலாம். அப்பொழுதே கண்டுபிடித்தவர்கள் அப்பொழுதே ஒரு பிள்ளையையாவது காப்பாற்றியிருக்க வேண்டாமா? கண்டுபிடிப்பெல்லாம் வெள்ளைக்காரன் அச்சில் போட்ட மறுநாள்தான் இவர்கள் ஏட்டில் தென்படுகின்றது.

உண்மையில் காப்பாற்றினவர்கள் யார்? நியூஜிலாந்தில் லைலி என்ற வைத்தியர் 1963ல் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கே ரத்தம் ஏற்றிக் காட்டினார். நோய் வந்த பின் செய்வது அது. வராமல் தடுப்பதற்கு லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் இரண்டு கூட்டத்தார் தனித்தனியே ஒரு வழி கண்டார்கள். அதாவது இந்த ஆண்டிபாடியையே வேறொருவர் ரத்தத்திலிருந்து எடுத்து, பிரசவமானவுடன் தாய்க்கு ஊசியாகப் போட்டுவிட்டால், உள்ளே வந்த பிள்ளையின் அணுக்களைத் தாயின் காவல்காரன் விழித்துப் பார்ப்பதற்கு முன்பே அது ஒழித்துவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம்மவர்கள் சொல்லுவதுதான். ஊசி போடாவிட்டால் இப்படிப்பட்ட தாய்மாரில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு ஆண்டிபாடி உண்டாகும். போட்டால் ஒன்றிரண்டு பேருக்குத்தான். கர்ப்ப காலத்திலும் ஒன்று போட்டால் அதுவும் அனேகமாக இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் ரத்தத்தில் இந்த ஆண்டிபாடி மிகுதியாக இருந்தது. பதினான்கு வயதில் அறுவை நடந்தபோது முன்பின் தெரியாதவர்களுடைய ரத்தத்தால் பிழைத்தவர் அவர். 1954 முதல் 2018 வரை 1,173 முறை ரத்தம் கொடுத்தார். 2025 பிப்ரவரியில் காலமானார். எந்த மரத்தடியிலும் இவருக்குக் கல் நட்டு யாரும் பாலூற்றவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த ஊசி விற்பனைக்கு வந்தது 1968ல். நமது பெரியம்மாவின் முதல் பிரசவம் 1971ல். மருந்து உலகத்தில் உண்டாகி மூன்று வருஷம் கழித்து! சங்கிலி அடகுக்குப் போனதோ அதற்கும் ஐந்து வருஷம் கழித்து. ஊரில் பாம்புக்கல் அடிக்கத் தெரிந்தவன் இருந்தான். ஒரு துளி ரத்தத்தை எடுத்துப் பார்க்க ஆளில்லை. இதில் அன்றைய சர்க்காரின் குற்றமும் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. பிள்ளை சாவதற்கு வேறு காரணங்களும் பல உண்டு. எல்லாம் இந்த ஒன்றினாலேயே என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காரணங்களில் எதுவும் ஐந்தாம் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆகவே பிள்ளை உண்டான பெண்ணுக்கு முதல் மாதங்களிலேயே ரத்தப் பிரிவைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கின்றார்கள். நெகடிவ் என்று சீட்டில் இருந்தால் புருஷனுடைய ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அவன் பாசிடிவானால் ஏழாம் மாதத்தில், அதாவது 28ஆம் வாரத்தில் ஒரு ஊசி. பிறந்த பிள்ளை பாசிடிவானால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கர்ப்பம் கலைந்துபோனாலும் வைத்தியரைக் கேட்டுப் போட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகின்றார்கள். ஆண்டிபாடி ஒருமுறை உண்டாகிவிட்டால் பிறகு இந்த ஊசியால் பயனில்லை. அப்பொழுது கர்ப்பம் முழுவதும் பெரிய ஆஸ்பத்திரியின் பார்வையில் இருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு எழுபது வயதுக்குமேல் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைக்காக அப்பொழுதுதான் முதன்முதலாக ரத்தம் பார்த்தார்கள். நெகடிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாம் விஷயத்தைச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத அப்பவே ஒருத்தரு பாத்திருக்கப்படாதா, தம்பி? நாப்பது வருஷமா அந்தப் பாம்ப எப்ப அடிச்சேன், எங்க அடிச்சேன்னு நெனச்சு நெனச்சுப் பாத்துக்கிட்டிருக்கேனே" என்றார்.

அவருடைய பேத்தி இந்த வருஷம் பிள்ளை உண்டாகியிருக்கின்றாள். அவளும் நெகடிவ். முதல் ஊசி போட்டாகிவிட்டது. இருந்தாலும் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருக்கின்றார்கள். புத்திரதோஷம் இருப்பதாகவும், பரிகாரத்துக்குப் பதினையாயிரம் ஆகுமென்றும் அவர் சொல்லியிருக்கின்றாராம். அந்த ஜோசியருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் நாம் பகிரங்கமாக ஒன்று சொல்லிக்கொள்ளுகின்றோம். நூறு பெண்களின் ஜாதகங்களை அவர்கள் முன் வைக்கின்றோம். அதில் நெகடிவ் உள்ளவர்கள் யார் யாரென்று ராகு கேதுவைக் கேட்டுப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கட்டும். சரியாக எடுத்துக் கொடுத்தால் அந்தப் பதினையாயிரத்தையும் நாமே கொடுக்கின்றோம்.