மறதிக்கு யார் பொறுப்பு?

மருந்தடிப்பவன் சொன்னதை மறந்தால், "மூளை மழுங்கிவிட்டது" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அந்த மறதி அவன் தலையெழுத்தா, முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பின் வேலையா என்று கேட்பார் குறைவு. பாச்சாங் இன்று நகரோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் மலாக்காத் தோட்டங்களில் மருந்தடிப்பு ஓயவில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுசெல்லும் பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்ததும் அதைச் சிதைத்து அகற்றுவது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. பாஸ்பரஸ் இனத்துப் பூச்சிமருந்துகள் இந்த நொதியைப் பற்றிக்கொண்டு முடக்குகின்றன. செய்தி ஓயாமல் அடிக்கிறது. வியர்வை கொட்டும், எச்சில் ஊறும், கண்மணி சுருங்கும், மார்பு இறுகும், தசை துடிக்கும். முற்றினால் உயிரே போகும்.

நினைவாற்றலிலும் இதே நொதிக்குப் பங்குண்டு. அல்சைமர் எனும் மறதி நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் மருந்து, இதே நொதியை மெல்ல அடக்கித்தான் பயன் தருகிறது. வைத்தியர் அளந்து கொடுத்தால் மருந்து. அளவின்றித் தோலில் ஊறினால் நஞ்சு. நிகராகுவா நாட்டில் இவ்வகை நஞ்சால் மருத்துவமனையில் சேர்ந்து மீண்ட தொழிலாளரை, ஏறத்தாழ இரண்டாண்டு கழித்துச் சோதித்தனர். நினைவு, கவனச் சோதனைகளில் அவர்கள் பின்தங்கியிருந்தனர். 1991இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. உடல் தேறிவிட்டது என்பதால் மூளையும் தேறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

இந்த இனத்தைச் சேர்ந்த குளோர்பைரிபாஸை விவசாயத்தில் பயன்படுத்த மலேசியா 2023இல் தடை விதித்தது. நல்ல செயல். ஆனால் ஒரு மருந்து போனதால் அந்த இனமே போய்விடவில்லை.

நொதியின் அளவை இரத்தச் சோதனை காட்டிவிடும். அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்குப் பாதி குறைந்தும் 'சரி' எனும் எல்லைக்குள் இருக்கலாம். ஆகவே மருந்தடிப்பு தொடங்குமுன்பே ஒருமுறை சோதித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிவப்பணு நொதி அந்த முதல் அளவில் 30 விழுக்காடு வீழ்ந்தால், அந்த வேலையிலிருந்து ஆளை விலக்க வேண்டுமென்பது விதி. நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் அபாய இரசாயன விதிகள், ஆபத்தை மதிப்பிடவும் தேவைப்படின் 12 மாதத்துக்குள் மருத்துவக் கண்காணிப்பு நடத்தவும் முதலாளிக்குக் கடமை விதித்துள்ளன.

தோழர்களே, முதல் சோதனை இல்லாமல் இம்மருந்தைத் தொடோம் என்று ஒரு குரலாகச் சொல்லுங்கள். சோதனைச் செலவு நிருவாகத்துடையதாகட்டும். விலக்கப்படும் நாள்களுக்குக் கூலி குறையாதிருக்கட்டும். கிராணிமாரே, எந்த மருந்து, எந்த நாள், யார் அடித்தார் என்று செக்ரோல் எழுதும் கையாலேயே பதிந்து வையுங்கள். நாளை ஒருவர் தம் பெயரையே மறக்கும் நிலை வந்தால், அவருக்காகப் பேசப்போவது அந்த ஏடுதான்.