மாடி உயர்ந்தது, நாம்?

கொச்சியில் வானளாவும் கட்டடங்களைக் காட்டி, "எத்தனை மாடி?" என்று கேட்பவர் பலர், "கட்டியவர் யார்?" என்று கேட்பவர் இல்லை. வாத்துருத்தியில் நெருக்கியடித்து வாழும் நம் மக்களின் வியர்வையும் அந்தச் சுவர்களில் உண்டு.

மரடுவில் கடலோர விதியை மீறி எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீடு வாங்கியோருக்கு ரூ.25 லட்சம் வீதம் இடைக்கால இழப்பீடு தர நீதிமன்றம் முன்பே ஆணையிட்டிருந்தது. நியாயமே! அவர்கள் கையில் பத்திரம் இருந்தது. நம் கையில் என்ன இருக்கிறது? சாரம் சரிந்தால், நாம் அங்கே வேலை செய்தோம் என்று சொல்ல ஒரு சீட்டாவது உண்டா?

பெரிய கட்டடங்களின் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குக் குறையாமல் தொழிலாளர் நலனுக்கு வசூலிக்க 1996இலேயே சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 18 வயது நிரம்பி, 60ஐத் தாண்டாமல், ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் எவரும் நல வாரியத்தில் பதியலாம். எந்த ஊரில் பிறந்தவர் என்று சட்டம் கேட்கவில்லை.

தோழர்களே, தாய்மார்களே! கொத்தனாரானாலும் சித்தாளானாலும் வேலை நாளுக்குச் சான்று கேளுங்கள். வாரியத்தில் பெயரைப் பதியுங்கள். அது சலுகையல்ல, நம் கூலியின் மிச்சம்!