தேரைக்குத் தமிழ் தெரியாதா?

தேக்காவில் ஒரு மாலைப்பொழுது. மழை விட்டும் தூவானம் விடவில்லை. நண்பர்கள் நால்வர் தேநீரோடு அமர்ந்து, ஒரு மாய உலகக் கதைக்காக நச்சுத் தவளை ஒன்றைப் படைத்துக்கொண்டிருந்தோம். சதுப்பு நிலத்தில் வாழும். கண்கள் ஊதா நிறம். தொட்டவர் மூன்று மூச்சுக்குள் மாண்டுபோவார். வாதம் சூடுபிடித்தது. ஆனால், அத்தனையும் ஆங்கிலத்தில்!

"இதைத் தமிழிலேயே எழுதினால் என்ன?" என்று கேட்டேன்.

"தமிழ்ல இதெல்லாம் செட் ஆகாதுப்பா. தவளைன்னாலே கிணத்துத் தவளைதான் ஞாபகம் வரும்" என்றான் ஒரு நண்பன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விடுதிக்குத் திரும்பும்வரை அந்தச் சொல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

விடுதியின் கால்வாயோரம், விளக்கு வெளிச்சத்தில், பழுப்பு நிறத்தில் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. நம் பாட்டிமார் 'சொறித்தவளை' என்பார்களே, அதுதான். நச்சுத் தவளையைத் தேடி மாய உலகம் வரை நாங்கள் போயிருக்கவே வேண்டாம்!

இந்தத் தேரையின் கண்களுக்குப் பின்னால் இரண்டு புடைப்புகள் இருக்கும். அவைதாம் நஞ்சுப் பைகள். அதில் ஊறும் பால் போன்ற நஞ்சு, உள்ளே போனால் இதயத் துடிப்பையே குலைக்கும். தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளுவது இதனால்தான். சீன மருத்துவத்தில் இதே நஞ்சை உலர்த்தி, மிகச் சிறிதளவில் மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆனால், தேரைக்கு நச்சுப்பல் கிடையாது. யாரையும் துரத்திக் கடிக்காது. தொட்டால் சொறி வரும் என்பதும் பொய். 'தவளை தன் வாயால் கெடும்' என்பது நம் பழமொழி. இங்கே கெடுவது கடித்தவன் வாய்!

இதே தேரைதான் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழ்கிறது. 2014ஆம் ஆண்டில் மடகாஸ்கர் தீவில் இது குடியேறிவிட்டதாகத் தெரியவந்தபோது, ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். இந்த நஞ்சை அறியாத அங்குள்ள விலங்குகள் இதைத் தின்றால் என்னவாகும் என்பதே அவர்கள் கவலை. இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்துக்கொண்டா தமிழில் கதை வராது என்கிறோம்?

குறை தமிழில் இல்லை நண்பர்களே, நம் பழக்கத்தில் இருக்கிறது. நான் மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் பயின்றவன். தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைத் தமிழில்தான் படித்தேன். 'தலைப்பிரட்டை' என்ற சொல் அன்று எனக்கு வந்தது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது மலாயில் 'பெரூடு' ஆனது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பெயர் பெற்றது. சிங்கப்பூரில் வளர்ந்த என் நண்பர்கள் அறிவியலைத் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவர்கள். 'தலைப்பிரட்டை' என்றதும், "அது என்ன பலகாரமா?" என்று கேட்டார்கள். தவறு அவர்களுடையதன்று. வகுப்பறைக்கும் கோயிலுக்கும் பொங்கலுக்கும் தமிழ் என்று ஒதுக்கிவிட்டோம். மற்ற இடங்களில் அது வாய் திறப்பதே இல்லை.

நாங்கள் அமர்ந்திருந்த லிட்டில் இந்தியாவே ஒருகாலத்தில் சதுப்பு நிலந்தான். ரோச்சோர் ஆற்றோரப் புல்லும் நீரும் மாட்டு வணிகர்களை இங்கே இழுத்தன. அதற்குச் சாட்சியாக இன்றும் பஃபலோ சாலை இருக்கிறது. 'சிராங்கூன்' என்ற பெயரே 'ரங்கோங்' என்னும் சதுப்பு நிலப் பறவையிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அந்தச் சதுப்பு இப்போது இல்லை. தூர்த்துக் கட்டடங்கள் எழுப்பியாகிவிட்டது. சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் பழமையான நன்னீர்ச் சதுப்புக்காடு, தீவின் நடுவே நீ சூன் பகுதியில் இருக்கிறது. அங்கே இன்னொரு தேரை வாழ்கிறது. தலையில் நான்கு மேடுகள் கொண்டது. 1887ஆம் ஆண்டில் அதற்கு 'குவாட்ரிபோர்கேட்டஸ்' என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் 'போர்கா' என்றால், உழுத சால்களுக்கு இடையில் உயர்ந்து நிற்கும் மண்.

படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. வயலில் உயர்ந்து நிற்கும் மண்ணுக்குத் தமிழில் 'வரப்பு' என்ற சொல் இருக்கிறதே! 'நால்வரப்புத் தேரை' என்று சொல்லிப் பாருங்கள். லத்தீனைவிட நம் வாய்க்கு இது எளிதாக வருகிறது. உழவர் பரம்பரைக்குப் பொருளும் உடனே விளங்குகிறது.

"ஆங்கிலத்தில்தான் பெயர் இருக்கிறதே, தமிழில் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வுக்கு அந்தப் பெயர் போதும். ஆனால், பெயரில்லாத ஒன்றைப் பற்றித் தாத்தாவிடம் பேச முடியாது, தம்பிக்குக் கதை சொல்ல முடியாது. நாம் வாழும் ஊரைச் சொல்லத் தெரியாத மொழி, கேட்கப்படும்போது மட்டும் மேடையேறும் மொழியாகிவிடும். கற்பனையும் கண்ணால் கண்டதிலிருந்துதான் பிறக்கிறது.

சிங்கப்பூரில் ஏறக்குறைய 30 வகைத் தவளைகள் இருக்கின்றன. நம் தமிழ்ப் பேரவை ஆண்டுக்குப் பத்து உயிரினங்களுக்கேனும் தமிழ்ப் பெயர் தேடட்டும். பழைய பெயர் இருந்தால் மீட்போம்; இல்லையென்றால் சூட்டுவோம். உயிரியல் படிப்பவரும் தமிழ் படிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். முன்னாள் மாணவர்களும் கைகொடுக்கலாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஊதாக் கண் தவளையின் கதையைத் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு திருத்தம் மட்டும் செய்திருக்கிறேன்: அது தொட்டவரைக் கொல்லாது. தன்னைக் கடித்தவரை மட்டும்தான்!