படித்துறை நகரும்

மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மரபிலிருந்து வரும் நவீன ஆட்டங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நம்மாட்கள் கை தானாகவே ஒரு வரியை எழுதிவிடுகிறது: மரபும் நவீனமும் கைகோக்கின்றன. இதைப் படித்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும். பாராட்டு மாதிரி தெரியும், ஆனால் பாராட்டே இல்லை. மரபு என்பது சும்மா கிடக்கும் கச்சாப்பொருள், அதற்கு உயிர் கொடுக்க வெளியிலிருந்து யாராவது வரவேண்டும் என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

ராண்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். சிலெக் என்னும் தற்காப்புக்கலையின் அடிவைப்பு, காபா என்னும் வாய்மொழிக் கதை, பாட்டு, வசனம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் நடக்கும். கேட்டால் ஆதிகாலத்துக் கலை என்பார்கள். ஆனால் இன்று நாம் பார்க்கும் நாடக வடிவம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் திரண்டது. ஊர் ஊராகச் சுற்றிய பங்சவான் நாடகக் குழுக்களிடமிருந்தும் அது வாங்கிக்கொண்டது. பெண் வேடங்களை ஆண்களே கட்டினார்கள். பெண்கள் உள்ளே வந்தது 1960களில்தான். அப்ப எதுங்க தூய வடிவம்? எந்த வருஷத்தில் கோடு கிழிப்பது?

அதில் ஆடுகிறவர்கள் போடும் கலெம்பொங் என்ற தொளதொளக் காற்சட்டையைப் பாருங்கள். கால்களுக்கு நடுவே தொங்கும் துணியை விறைப்பாக இழுத்துத் தட்டினால் முரசு மாதிரி அதிரும். உடையே வாத்தியம்! இதை முதலில் செய்து பார்த்தவரை யாரும் பரிசோதனைக் கலைஞர் என்று அழைக்கவில்லை.

"அப்படியானால் எல்லாமே பரிசோதனைதானா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தக் கலை உடம்பில் ஊறியிருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். குஸ்மியாத்தி சூயித் சிலெக் பயின்று வளர்ந்தவர். 1982இல் குமாரங் சக்தி குழுவைத் தொடங்கினார். 1991இல் நியூயார்க்கின் பெஸ்ஸி விருது வந்தது. பாடாங்கில் 1983இல் நான் ஜொம்பாங் குழுவைத் தொடங்கிய எரி மெஃப்ரி, மனைவியையும் பிள்ளைகளையும் வைத்தே அதை வளர்த்தார். இவர்கள் ஆட்டத்திலிருந்து சிலெக்கை உருவிவிட்டால் மிச்சம் எதுவும் நிற்காது. மூன்று வாரப் பட்டறையில் நாலு அடிவைப்பைக் கற்று மேடையில் தூவுகிறவர்களின் ஆட்டத்திலிருந்து அதை உருவினால் ஒன்றுமே குறையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இது வெறும் சொல் தகராறு இல்லை. 'நவீனம்' என்ற முத்திரை விழுந்தவருக்கு அரங்கமும் பயணச்சீட்டும் கிடைக்கும். 'மரபு' என்று எழுதப்பட்டவருக்கு விருந்தினர் வரவேற்பில் பத்து நிமிடம், அதுவும் பளபளா உடையில். புதிதாக யோசிக்கும் உரிமையே அவரிடமிருந்து பறிபோகிறது. தூய்மைவாதியும் விழா அமைப்பாளரும் எதிரெதிரே நிற்பதாகப் பாவனை செய்கிறார்கள். எனக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்தான். கிராமத்துக் கலைஞன் மாறக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

மினாங்கபாவ் மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: பெருவெள்ளம் ஒருமுறை வந்தால் படித்துறையும் ஒருமுறை இடம் மாறும். மாற்றத்தையே மரபாகச் சொல்லி வைத்திருக்கும் சனத்துக்கு, கைகோக்க வெளியிலிருந்து ஒரு நவீனத்தை நாம் அனுப்பி வைக்க வேண்டியதில்லை.