டிராம் வண்டியும் நாமும்

சென்னைத் தெருக்களில் 2025-ஆம் ஆண்டு மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, நம் மாணவர் பலர் அதனைப் பெரும் புதுமையெனப் பேசிக்கொண்டனர். யாம் அவ்வியப்பிற் கலந்துகொண்டிலேம். அந்நகரில் 1895-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே மின்சார டிராம் ஓடிற்று. கல்கத்தாவில் அப்போது குதிரைகள் டிராமை இழுத்துக்கொண்டிருந்தன, ஆங்கு மின்சாரம் வந்தது 1902-இல், பம்பாயிலோ 1907-இல்.

தொடக்கத்தில் மின்கம்பியைப் பாதையின்கீழ் ஒரு கால்வாயிற் பதித்து வைத்தனர். மழைக்காலம் வந்தது; கால்வாயில் நீர் புகுந்தது. பின்னர்க் கம்பி தலைக்குமேல் ஏறிற்று. வண்டியின் கூரைமீது ஒரு நீண்ட கோல். அதன் நுனியில் ஓர் உருளை. அது கம்பியைத் தொட்டு உருண்டு மின்சாரத்தை இறக்கித் தரும். மேலைநாட்டார் இப்பொறியை டிராலி என்றனர். கவலைக் கிணற்றில் வடம் உருளைமேல் ஓடுவதைக் கண்டு வளர்ந்த நம் பக்கத்தார்க்கு இது விளங்காத வித்தையன்று.

பாரிமுனையும் மவுண்ட் ரோடும் நன்கறிந்த அவ்வண்டி 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாளோடு நின்றது. நட்டமென்று கம்பெனியார் கைவிட்டனர், தொழிலாளர் வேலையிழந்தனர். 1947-இல் தாமே பேருந்து நடத்த முன்வந்த அரசினர் டிராமை ஏற்று நடத்தினாரில்லை. அன்று முதலமைச்சர், முன்பு நம் சேலம் நகராட்சித் தலைவராயிருந்த இராஜாஜி. அவர்பால் நமக்கு மதிப்பு மிகுதி. எனினும் அவ்வரசின் முடிவு நமக்கு உடன்பாடன்று. 1937 முதல் நம் மேட்டூரிற் காவிரி நீரைக்கொண்டு மின்சாரம் ஆக்கி வந்த நாடு, மின்வண்டியை விடுத்துப் பிறநாட்டு எண்ணெயை நம்பியது எங்ஙனம் பொருந்தும்?

நாமக்கல் நண்பர்கள் இதனை ஒப்பார். லாரிக்குக் கூடு கட்டிப் புகழெய்திய ஊர் அது. சேலம் – கரூர்ப் பாதையில் 2013-இல் வண்டி ஓடிய பின்னரே அங்கு இரயில் வந்தது. "டிராம் விலகி வழிவிடாது, ஒன்று நின்றால் பின்வருவன யாவும் நிற்கும்" என்பது அவர் வாதம். உண்மையே. ஆயினும் நெருக்கடியிற் பேருந்து மட்டும் பறந்தா செல்கின்றது?

நம் சேலம் சந்திப்போ சூரமங்கலத்தில் உள்ளது. கோட்டையும் கடைவீதியும் எட்டத்தில் உள்ளன. இடையே ஒரு மின்வண்டி ஓடினால் என்னவென்று யாம் பலமுறை எண்ணியதுண்டு. மாலைவேளைகளிற் பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டே எண்ணினோம்.