வெள்ளையடித்த சுவரும் விலைபோன பெயரும்

தெருவோவியம் நிலையற்றது, அழிவதே அதன் இயல்பு, ஆதலின் அது அழிக்கப்படும்போது வருந்துவது பேதைமை என வாதிடுவோர் உளர். கலை விமரிசகர், நகர அமைப்பாளர், நிலவுடைமையாளர் ஆகிய முத்திறத்தாரும் வேறெதிலும் ஒன்றுபடாதவிடத்தும் இதிலே ஒன்றுபடுகின்றனர். இவ்வொற்றுமையே ஐயத்திற்குரியது. அழிவு என்ற ஒரு சொல்லினுள் இருவேறு செயல்கள் மறைந்துகிடக்கின்றன. ஓர் ஓவியத்தின்மீது இன்னோர் ஓவியர் வரைவது ஒன்று. சுவரின் சொந்தக்காரர் வெள்ளை வர்ணத்தை ஊற்றுவது மற்றொன்று. முன்னையது அக்கலையின் வாழ்வுமுறை. பின்னையது சொத்துடைமையின் தீர்ப்பு.

இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்த நியூ யோர்க் மாநகரின் 'பைவ் பொயின்ட்ஸ்' ஒன்றே போதும். குயின்ஸ் பகுதியின் லோங் ஐலண்ட் சிற்றியில், ஒருகாலத்தில் நீர்மானி செய்த தொழிற்சாலைக் கட்டடம் அது. உயர்த்திய பாதையில் ஓடும் ஏழாம் இலக்கப் புகையிரதத்தில் வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் அதன் சுவர்களைக் கண்டனர். கட்டணமில்லை, காவலாளி இல்லை. கலைக்கூடத்தின் வாயிலை ஒருநாளும் மிதியாதவரும் அதன் பார்வையாளராயினர். மாநகரின் ஐந்து பெரும்பிரிவுகளும் கூடுமிடம் என்ற பொருளிலேயே அப்பெயர் இடப்பட்டது. 2002 தொடக்கம் ஜொனதன் கோஹென் என்னும் ஓவியர், உரிமையாளரின் இசைவுடன், அதன் பொறுப்பாளராக விளங்கினார். அங்கு ஒழுங்கின்மை நிலவியதெனக் கருதுவது தவறு. சில சுவர்கள் குறுகிய காலத்தில் மாறுவன. சில சுவர்கள் ஆண்டுக்கணக்கில் நிலைப்பன. எவர், எங்கே, எதன்மீது வரையலாம் என்பதற்கு முறை இருந்தது. நிலையாமையை ஆண்டவர் ஓவியரே.

அயலிலே நிலத்தின் விலை ஏறியது. விலையை ஏற்றிய காரணங்களுள் அவ்வோவியங்களும் ஒன்றென்பது ஒரு கொடிய முரண். கட்டடத்தை இடித்து மாடிக் குடியிருப்பு எழுப்புவதற்கு 2013 ஒக்டோபரில் நகரசபை அனுமதியளித்தது. அதனைப் பாதுகாக்குமாறு விடுத்த விண்ணப்பமோ, ஓவியங்கள் வயதிற் குறைந்தவை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டிருந்தது. முதுமையடையாத எதுவும் நினைவுச்சின்னமாகாது. நினைவுச்சின்னமாகாத எதுவும் முதுமையடைய விடப்படாது! ஓவியர்கள் நீதிமன்றம் சென்றனர். நவம்பர் 12இல் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. காரணங்களைக் கூறும் எழுத்துமூலத் தீர்ப்பு 20ஆந் திகதி வெளிவந்தது. அவ்வெட்டு நாட்களுள் ஓர் இரவில், தீர்ப்பின் காரணங்களைப் படிக்கும் பொறுமையுமின்றி, உரிமையாளர் ஆட்களைக் கொண்டு அனைத்துக்கும் வெள்ளையடித்தார். இடிப்பதற்கான அனுமதிப்பத்திரம்கூட அப்போது அவரிடம் இருக்கவில்லை. கட்டடம் இடிபட்டது 2014இலே.

இந்த இடைவெளியே முழு வழக்கையும் விளக்குகிறது. இடிப்பதற்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை. துண்டு துண்டாக இடிபடுவதைக் காணும் வேதனை ஓவியருக்கு வேண்டாமென்றே அவ்வாறு செய்ததாக உரிமையாளர் கூறினார். இக்கருணை இரவிலே வந்தமை கவனிக்கத்தக்கது.

2018 பெப்ரவரியில் நீதிபதி பிரெடெரிக் புளொக், 1990ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின் கீழ், 45 ஓவியங்களுக்காக 21 ஓவியர்க்கு 67.5 இலட்சம் டொலர் வழங்குமாறு தீர்ப்பளித்தார். இடைக்காலத் தடையை மறுத்தவரும் இவரே. மேன்முறையீட்டு மன்றம் 2020 பெப்ரவரியில் அத்தீர்ப்பை உறுதிசெய்ததோடு, தற்காலிகமானது என்பதால் ஒரு படைப்பு தகுதியை இழந்துவிடாது எனவும் விளக்கியது. நிலையாமை வாதத்துக்குச் சட்டம் அளித்த மறுமொழி இது. எனினும், சட்டம் பணத்தைத்தான் கொடுத்தது, சுவரைக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் இயலாது.

ஓவியரே தமது படைப்பை அழித்ததில்லையா என்று கேட்கலாம். உண்டு. பேர்லின் நகரின் குறொய்ஸ்பேர்க் பகுதியிலே இத்தாலிய ஓவியர் புளூ வரைந்த இரு பெருஞ்சுவரோவியங்கள், 2014 டிசெம்பரில், அவருடைய இணக்கத்துடனேயே கருமை பூசப்பட்டன. அருகே எழவிருந்த கட்டடங்களுக்கு அவை அழகூட்டும் அணியாவதை அவர் விரும்பவில்லை. இச்சான்று நிலையாமை வாதிகளுக்குத் துணைபோவதன்று; அழிக்கும் உரிமை எவருடையது என்பதையே அது காட்டுகிறது. கரியும் வெள்ளையும் இங்கே ஒரே செயலல்ல.

இனி, நினைவுகூருவோரைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளையடித்து மூன்று மாதமும் நிறையுமுன், 2014 பெப்ரவரியில், நியூ யோர்க் நகர அருங்காட்சியகம் அந்நகரின் பழைய சுவரெழுத்துக் கலையைச் சிறப்பித்துக் கண்காட்சி திறந்தது. கண்காட்சியிற் குற்றமில்லை, சேகரித்தவரின் அக்கறையும் பொய்யன்று. ஆயினும் சட்டகத்துள் அடங்கிய கலையை மாநகரம் போற்றியது. சட்டகத்துள் அடங்காததை அதே பருவத்தில் கைவிட்டது. எழுபதுகளில் புகையிரதப் பெட்டிகளில் எழுதிய இளைஞரைத் துரத்திய நகரம், அவர்தம் எழுத்து ஆபத்தற்றதான பின்னரே அதற்கு மாலையிட்டது. இத்தகைய நினைவு மறதியின் நாகரிகமான வடிவமேயாம்.

உரிமையாளரின் நிறுவனம் அதனினும் ஒருபடி மேலே சென்றது. ஓவியங்கள் அழிந்த மறு ஆண்டிலேயே 'பைவ் பொயின்ட்ஸ்' என்ற பெயரைத் தன் வணிகக்குறியாக்க அது விண்ணப்பித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளுடன் இன்று அவ்விடத்தில் நிற்கும் இரு கோபுரங்களும் அப்பெயரையே தாங்குகின்றன. ஏழாம் இலக்கப் புகையிரதம் இப்போதும் அவ்வழியே ஓடுகிறது. வாடகை செலுத்த இயன்றவர்க்கு மட்டும் அப்பெயர் முகவரியாகிறது.