கர்ப்பிணிகளும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளும்

"மாசமா இருக்கிற பொண்ணு இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடலாமா?" பல வீடுகளில் எழும் கேள்வி இது. இந்தப் பயத்தில், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு நாள் மட்டும் சாப்பிட்டுவிட்டு, மீதியை அலமாரியில் வைத்துவிடும் பெண்கள் உண்டு. மறுபுறம், மருந்துச் சீட்டே இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்குபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு!

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரையை மசக்கை வாந்திக்காகக் கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்தன. 1961-ல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அது ஆன்டிபயாடிக் அல்ல.

ஆன்டிபயாடிக் என்பது ஒரே மருந்தல்ல. பென்சிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்றவை கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு, பொதுவாகப் பாதுகாப்பானவை என்று அறியப்பட்டவை (அலர்ஜி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்). டெட்ராசைக்ளின் அப்படியல்ல, கர்ப்பத்தின் பிற்பாதியில் சாப்பிட்டால் குழந்தையின் பல்லில் கறை படியும். ஸ்ட்ரெப்டோமைசின் குழந்தையின் காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். டிரைமெத்தோபிரிம் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் முதல் மூன்று மாதங்களில் தவிர்க்கப்படுகிறது.

எனவே "ஆன்டிபயாடிக் நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதில் பயனில்லை. எந்த மருந்து, எந்த மாதத்தில், எந்த நோய்க்கு என்றுதான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1979 முதல் மருந்துகளை ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்துகளால் பிரித்து வந்தார்கள். ஒற்றை எழுத்தில் இதையெல்லாம் சொல்லிவிட முடியாது என்பதால், 2015 முதல் அந்த முறையை விலக்கி, விளக்கமாக எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

மருந்தைப் பற்றிப் பயப்படும் பலர் நோயைப் பற்றிப் பயப்படுவதில்லை. நீர்க்கடுப்பு என்றால் "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்று சொல்லிவிடுகிறார்கள். கர்ப்பகாலத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்வதாலும், வளரும் கருப்பை அழுத்துவதாலும் சிறுநீர் தேங்கும். அதில் கிருமி பெருகினால் சிறுநீரகம் வரை ஏறிவிடும். குளிர் காய்ச்சலும் குறைப்பிரசவமும்கூட நேரலாம். தாய்க்கு சிஃபிலிஸ் இருந்து பென்சிலின் ஊசி போடாமல் விட்டால், குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடக்கூடும். இங்கே குழந்தையைக் காப்பதே ஆன்டிபயாடிக்தான்!

அதற்காகத் தும்மினாலும் ஆன்டிபயாடிக் என்று போகக் கூடாது. சாதாரண சளி வைரஸால் வருவது. அதற்கு இந்த மாத்திரைகள் பயன்படாது. இந்தியாவில் பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றும், விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் 2014 மார்ச் முதல் விதி இருக்கிறது. இருந்தும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. வயிறு தெரியாத முதல் மாதங்களில் கடைக்காரருக்கு எப்படித் தெரியும், அவள் கர்ப்பிணி என்று?

ஆகவே நாள் தள்ளிப்போயிருந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அவரிடமே கேட்க வேண்டும். அவர் யோசித்து எழுதிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு நிறுத்தக் கூடாது. குழந்தையை நினைத்துத்தான் மருந்தை நிறுத்துகிறார்கள். அந்தக் குழந்தைக்காகவே சில நேரம் மருந்தைச் சாப்பிட்டு முடிக்க வேண்டியிருக்கிறது.